ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள்

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அறைக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். நாற்காலியில் என் அக்கா பாவாத்தாள். அவள் தலையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளக் கம்பவுண்டர் சுப்பையன். கையில் பல் எடுக்கும் குறடுடன் நான். இருந்திருக்க வேண்டியவர் ஒருவர் இல்லை. நான் வேலை பார்த்த பல் டாக்டர், தன் மகளின் பிரசவத்துக்காகச் சென்னைப் பட்டணம் போயிருந்தார். வர ஐந்து வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தார். அவர் இல்லாததை அன்று நான் ஒரு வசதியாக நினைத்தேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

போன மாதம் எங்கள் பல் மருத்துவர் சங்கத்து இளைஞர்கள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். வேர் சிகிச்சை செய்து காப்பாற்றிய ஒரு கடைவாய்ப் பல்லின் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள்.

"உங்க காலத்துல இந்தப் பல்லை என்னங்கய்யா பண்ணியிருப்பீங்க?"

"எடுத்திருப்பேன்" என்றேன்.

"அப்படி மொத்தம் எத்தனை எடுத்திருப்பீங்க? ஒரு கணக்குச் சொல்லுங்களேன்" என்று சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்த கதையாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கஷ்டம் இருந்தது உண்மை. அதில் பெரும் பங்கைச் சுமந்தது நான் அல்ல. அதனால் கட்டுரை அவர்கள் எதிர்பார்த்த மாதிரி இருக்காது.

எங்கள் ஊர் சரவணம்பட்டி. இன்றைக்கு அங்கே போகிறவர்கள் நம்பமாட்டார்கள், முப்பதுகளில் அது பருத்தியும் சோளமும் மட்டுமே விளைந்த மானாவாரிக் காடு. என் அப்பா கிணற்றை ஆழப்படுத்தப் பாறைக்கு வேட்டு வைத்தார். ஐந்து வேட்டில் நான்குதான் வெடித்தது. ஐந்தாவது ஏன் வெடிக்கவில்லை என்று பார்க்க இறங்கினார். அப்போது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. நிலம் இரண்டு வருடத்தில் கைமாறிப்போனது. பதினான்கு வயதில் அக்கா பீளமேட்டுப் பக்கம் ஒரு பஞ்சாலையில் ரீலிங் பிரிவில் சேர்ந்தாள். நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றுகிற வேலை. பகல் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். போக வர நடை வேறு.

ஆத்தா என்னையும் மில்லுக்கு அனுப்பப் பார்த்தாள். அக்கா விடவில்லை. "நம்மூட்டுல ஒருத்தனாச்சும் தபால்காரன் கொண்டாற காயிதத்தை ஆருகிட்டயும் கெஞ்சாம படிக்கோணும்" என்றாள். அப்படித்தான் எங்கள் குடும்பத்தில் முதல் முதலாகப் பள்ளிப் படிப்பை முடித்தவன் நானானேன். எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் கோயமுத்தூரில் ஒரு பல் டாக்டர், நோயாளிகளின் அட்டை எழுத ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். ஒரு வருடம் அட்டை எழுதினேன். என் கையெழுத்தும் நான் கேட்ட கேள்விகளும் அவருக்குப் பிடித்துவிட்டன. கல்கத்தாவுக்குப் போய் முறையாகப் படித்துவிட்டு வா, வந்தால் என்னிடம் வேலை உண்டு என்றார்.

கல்கத்தாவில் இரண்டு வருடம். அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஒரு வேளைச் சோறு, புரியாத பாஷை, பசியோடு உட்கார்ந்து மெழுகில் பல் செதுக்கிப் பழகியது, அவ்வளவுதான். மாதா மாதம் அக்காவிடமிருந்து மணியார்டர் வரும். அதன் அடித்துண்டில் மில் கணக்குப்பிள்ளையின் கையெழுத்தில் எப்போதும் நான்கே வார்த்தைகள் இருக்கும்: "அக்கா சௌக்கியம். நீ படி." அவளுக்கு முழங்கால் வீங்க ஆரம்பித்ததே அந்த நாட்களில்தான் என்று திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் டாக்டரைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஆள் பெரிய உருவம். அந்தக் காலத்தில் பல டாக்டர்கள் குறடைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு வந்து, நோயாளி அசந்த நேரத்தில் வாய்க்குள் நுழைப்பார்கள். இவர் மறைக்கமாட்டார். குறடை நோயாளியின் கண்ணுக்கு நேரே காட்டுவார். "இதுதானுங்க ஆயுதம். வலிக்கும். நான் பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சுரும்" என்பார். பிறகு ஒகட்டி, ரெண்டு, மூடு என்று தெலுங்கில் எண்ணுவார். பெரும்பாலும் ஏழுக்குள் வந்துவிடும். எட்டைத் தாண்டினால் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் குறடை எடுத்து வைத்துவிடுவார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு யோசிப்பார். அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: "பிடுங்கறவன் களையெடுக்கறவன்ப்பா. நம்ம வேலை தள்ளுறது. குறட்டு மூக்கை ஈறுக்குள்ள நல்லா இறக்கு. இடது கை விரல் ரெண்டும் எலும்பை ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கட்டும். முன்பல்லுன்னா திருகு, கடைவாய்ப் பல்லுன்னா வெளிப்பக்கம் ஆட்டு. அப்புறம் சும்மா இரு. எப்ப வர்றேன்னு பல்லே உன் கைக்குச் சொல்லும்."

இரண்டாவது பாடம்: சொந்தக்காரர் வாயில் கை வைக்காதே. மூன்றாவதைப் பாடம் என்று சொல்வதா, அந்தக் காலத்து நம்பிக்கை என்று சொல்வதா தெரியவில்லை. அவருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பல் மருத்துவப் பத்திரிகை வரும். சாயங்காலங்களில் அதை எனக்குப் படித்துக் காட்டுவார். பல்லின் வேரில் தெரியாமல் தங்கியிருக்கும் சீழ் ரத்தத்தில் கலந்து மூட்டு, இருதயம் என்று எங்கெங்கோ போய் நோயை உண்டாக்குகிறது, சந்தேகப்பட்ட பற்களை எடுத்துவிட்டால் முடக்குவாதமே குணமாகிறது என்று அதில் எழுதியிருந்தார்கள். அன்று உலகம் முழுக்கப் பெரிய பெரிய டாக்டர்கள் அதை நம்பினார்கள். நான் வேதமாகவே எடுத்துக்கொண்டேன். எங்களிடம் அப்போது எக்ஸ்ரே கிடையாது. வேரில் என்ன இருக்கிறது என்று வெளியே எடுத்தால்தான் தெரியும்.

அந்த ஆவணியில் அக்காவால் மில் படியேற முடியவில்லை. விரல் கணுக்களும் வீங்கிவிட்டன. நான்தான் அவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். அக்காவுக்கு முப்பது பற்கள். கீழே கடைசிப் பற்கள் இரண்டும் முளைக்கவே இல்லை. மற்றபடி கரும்பைக் கணுவோடு உரிக்கிற பற்கள். அவற்றில் மேலே இரண்டும் கீழே இரண்டும் சொத்தை. அந்த நான்கையும் அவரே எடுத்தார். அட்டையில் நான்கு இடத்தில் பெருக்கல் குறி போடச் சொன்னார்.

"இவ்வளவு போதும். மூணு மாசம் பொறு, பார்க்கலாம்."

மூன்று வாரத்தில் அக்காவின் வீக்கம் வடிந்தது. ஆத்தா கோனியம்மன் கோயிலுக்கு எண்ணெய் வாங்கிப் போனாள். நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். பத்திரிகையில் படித்தது என் வீட்டிலேயே நடந்துவிட்டதே! அந்த நோய் தானே ஏறும், தானே இறங்கும் என்பது எனக்குத் தெரியாது.

புரட்டாசிக் கடைசியில் வலி திரும்பி வந்தது. அதே சமயத்தில் காங்கேயத்துப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், நான்கு ஜோடி மாடு வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு மூத்த தாரம் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தை பிறந்ததும் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். எனக்காக மில்லில் நின்றே இருபத்தைந்து வயதாகிவிட்ட பெண்ணுக்கு அப்படி ஓர் இடம் மறுபடி வராது. நொண்டிக்கொண்டு வந்து நிற்கிறவளை அவர்கள் கட்டமாட்டார்கள் என்பதும் தெரியும். தைக்குள் அவளை நடக்க வைப்பது என்று முடிவு செய்தேன். டாக்டர் ரயிலேறிய மறுநாள் அக்காவிடம் பேச்செடுத்தேன்.

"நாலு எடுத்ததுக்கே மூணு வாரம் சுகமா இருந்துச்சல்ல? மிச்சத்துலயும் விஷம் இருக்கோணும்க்கா. எல்லாத்தையும் எடுத்துட்டா அடியோட போயிரும்."

"ஏங்கண்ணு, முட்டி வலிச்சா பல்லை எடுக்கறே. பல்லு வலிச்சா முட்டியை எடுப்பியா?"

"சிரிக்காதக்கா. புஸ்தகத்துல போட்டிருக்கு."

"அத்தனையுமா எடுக்கோணும்?"

"எதுல இருக்குதுன்னு வெளிய தெரியாது. உள்ளபடியே சொல்றேன், வேற வழியில்ல. பல்லு நானே கட்டித் தாரேன், முன்னைய விட அழகா இருக்கும்."

"இதுக்குத்தான உன்னையப் படிக்க வெச்சது. எடுத்துப்போடு" என்றாள்.

மில்லுக்கும் எங்கள் அறைக்கும் ஞாயிறு விடுமுறை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகள்.

சுப்பையன் முதல் நாளே வாசலில் மறித்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "தம்பி, டாக்டரு வந்துரட்டுமுங்க. ஒறவுக்காரங்க வாயில கை வெக்கக் கூடாதுன்னு சட்டமே போட்டு வெச்சிருக்காரில்லீங்க."

"அவர் இருந்தா அவரே இதைத்தான் செய்வாருங்க."

"அவரு செஞ்சாருங்க. நாலோட நிறுத்திப்போட்டாரு."

நான் கையைக் கழுவப் போனேன். டாக்டர் கழுவுவது போலவே முழங்கை வரை லைசால் மருந்து போட்டுக் கழுவினேன். ஊசிகளையும் குறடுகளையும் கொதிக்க வைத்தேன். பீங்கான் கிண்ணத்தில் ஈறை மரக்க வைக்கும் நோவோகெயின் மாத்திரையைக் கரைத்து, தீயில் காட்டி, ஆறவைத்துக் கண்ணாடி ஊசியில் ஏற்றினேன். ஈறு வெளுக்கும்வரை மெல்ல மெல்லச் செலுத்தினேன். முறையில் ஒரு குறை சொல்ல முடியாது. குறடை அக்காவின் கண்ணுக்கு நேரே காட்டி, "பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சுரும்" என்றேன்.

முதல் பல்லுக்கே பதினெட்டு எண்ணினேன்.

வேரில் சீழ் வைத்த பல், பிடியில் லேசாகத் தளர்ந்திருக்கும். கைக்கு அது தெரியும். அக்காவின் பற்கள் பாறையில் அறைந்த முளைகள் போல நின்றன. ஆட்டினால் எலும்போடு சேர்ந்து தலையே ஆடியது. சுப்பையன் தலையை மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். எட்டுக்கு மேல் போனால் குறடைக் கீழே வை என்று கற்றவன் நான். பல்லே சொல்லும் என்று கேட்டு வளர்ந்தவன். ஒவ்வொரு பல்லும் என் கைக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. விஷம் ஆழத்தில் இருப்பதால்தான் இவ்வளவு உறுதி என்று எனக்கு நானே ஒரு விளக்கம் செய்துகொண்டேன். படித்தவனுக்கு விளக்கத்துக்கா பஞ்சம்?

முதல் ஞாயிறு ஆறு பற்கள். அடுத்த ஞாயிறும் ஆறு. பிறகு ஐந்து, ஐந்து, நான்கு. ஞாயிறு பல் எடுத்துக்கொண்டு, திங்கள் காலை வாயில் பஞ்சோடு அக்கா நொண்டிக்கொண்டே மில்லுக்கு நடந்தாள். உடன் வேலை செய்கிறவர்கள் கேட்டால் கையைக் காட்டிச் சைகையில் பேசுவாளாம். கடைசி ஞாயிறு, கீழே முன்பற்கள் நான்கும் மிச்சமிருந்தபோது, வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னாள்: "ஒண்ணை மட்டும் உட்டு வெச்சா என்ன கண்ணு? பல்லிருந்ததுக்கு அடையாளமா இருக்கட்டும்." நானும் சுப்பையனும் சிரித்தோம். அதையும் எடுத்தேன்.

எல்லாப் பற்களையும் ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு வைத்தேன். டாக்டர் வந்ததும் காட்டிப் பாராட்டு வாங்கும் ஆசையில்தான் வைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கார்த்திகையில் டாக்டர் திரும்பினார். அட்டையைப் பார்த்தார். முப்பது இடத்திலும் பெருக்கல் குறி. என்னைத் திட்டுவார் என்று சுப்பையன் கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். டாக்டர் ஒரு வெள்ளைத் துணியை மேஜைமேல் விரித்தார். ஜாடியைக் கவிழ்த்து, ஒவ்வொரு பல்லாக எடுத்து, வாயில் எந்த இடத்தில் இருந்ததோ அதே வரிசையில், மேல்தாடை ஒரு வளைவு, கீழ்த்தாடை ஒரு வளைவு என்று அடுக்கினார். பாதி மதியம் அதற்கே ஆனது. பிறகு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வேர் வேராகப் பார்த்தார். மேல் வரிசையில் ஒன்றை எடுத்துத் தள்ளி வைத்தார். கீழ் வரிசையில் ஒன்று. அவ்வளவுதான். மற்ற வேர்களெல்லாம் கழுவிய அரிசி போலச் சுத்தமாக இருந்தன.

"இந்த ரெண்டை நானும் எடுத்திருப்பேன்" என்றார்.

"மிச்சமுங்க?"

"மிச்சம் உங்க அக்காளுது."

துணியை மடித்து என் கையில் கொடுத்தார். பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "பத்திரிகையைப் படிச்சுக் காட்டுனவன் நான். எனக்கே அதுல பாதி சந்தேகம்னு உங்கிட்டச் சொல்லாம உட்டுட்டேன்" என்றார். மறுநாள் வழக்கம்போல வேலை கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எல்லாப் பற்களையும் எடுத்த வாயில் எலும்பு இறங்கி ஈறு படிவதற்குக் குறைந்தது மூன்று மாதம் வேண்டும். அதற்கு முன் அச்செடுத்துக் கட்டினால் பல் செட் நிற்காது. பங்குனிவரை பொறு என்றார் டாக்டர். காங்கேயத்துக்காரர்கள் தையில் வருகிறார்களே! கெஞ்சி அனுமதி வாங்கினேன். மார்கழியில் அச்செடுத்து, மெழுகில் பல் அடுக்கி, ரப்பரைத் துண்டு துண்டாக நறுக்கி அச்சுக்குள் திணித்து, நீராவியில் வேகவைத்துக் கெட்டியாக்கி, மூன்று நாள் தேய்த்து மெருகேற்றினேன். கடை வீதியில் எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் அவ்வளவு அழகான செட் இருந்திருக்காது. அக்கா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஜமீன்தாரிணி மாதிரி இருக்குதே" என்றாள். முழங்கால் அதற்குள் மறுபடி வீங்கியிருந்தது.

பொங்கல் முடிந்து ஐந்தாம் நாள் வந்தார்கள். வலியைக் கடித்துக்கொண்டு என்று எழுத வருகிறது. கடிக்க எங்கே பல்? வலியை அடக்கிக்கொண்டு அக்கா நிமிர்ந்து நடந்து வந்து காப்பி கொடுத்தாள். மாப்பிள்ளையின் தாயார் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"உன்ற பேரென்ன அம்மிணி?"

"பாவாத்தாளுங்க."

சொல்லும்போதே மேல் செட் இறங்கி 'டக்' என்றது. ஈறு ஒரு மாதத்தில் அவ்வளவு வற்றியிருந்தது.

"வாயில என்னம்மிணி, கொட்டைப்பாக்கா?"

தலையைக் குனிந்துகொண்டு 'ஆமாங்க' என்று சொல்லியிருக்கலாம். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுப் பெருமையோடு சொன்னாள்: "பல்லுங்க. என்ற தம்பி கட்டுனது. அத்தனையும் அவனே எடுத்து, அவனே கட்டிப்போட்டானுங்க."

யாரும் ஒன்றும் தவறாகப் பேசவில்லை. காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். "ஊருக்குப் போயித் தாக்கல் சொல்லி உடறோமுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கம் வேண்டாம் என்பதையும் 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள். அந்தச் சேதி வரவே இல்லை. வண்டி தெருமுனை திரும்பியதும் ஆத்தா என்னிடம், "ஏஞ்சாமி, அவ கேட்ட அந்த ஒண்ணையாச்சும் உட்டு வெச்சிருக்கலாமில்ல?" என்றாள். அதை அவளிடம் சுப்பையன்தான் சொல்லியிருக்க வேண்டும். மாசியில் அக்கா மில்லை விட்டு நின்றுவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்கு அவன் உடன்பிறந்தவள் இணைச்சீர் செய்ய வேண்டும். புடவையின் ஒரு முனை என் கையில், மறு முனை அவள் கையில். சுற்றி நின்ற பெண்கள் அவளைச் சீண்டிக் கேலி பேசினார்கள். கேலிக்குக் கேலி கொடுப்பதில் ஊரில் அக்காவை மிஞ்ச ஆளில்லை. அன்று முகூர்த்தம் முடியும்வரை அவள் உதட்டைத் திறக்கவே இல்லை.

பிறகு எனக்கென்று அறை வந்தது, பெயர் வந்தது. முப்பது வருடத்துக்கும் மேலாக அக்கா எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு நான்கு செட் கட்டினேன். இறங்கிப்போன எலும்பின்மேல் ஒன்றுகூடச் சரியாக உட்காரவில்லை. "பல் டாக்டரு ஊட்ல பொக்கவாயி. வாசல் போர்டுல அதையும் எழுதி மாட்டு கண்ணு" என்பாள். பொங்கலுக்குக் கரும்பு வந்தால் சாறு பிழிந்து கொடுப்போம். அந்தப் பழைய கொள்கையைப் புத்தகங்களே கைவிட்டுவிட்டன. அவளுடையது மூட்டு நோய், பல்லுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். அதை அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கு அவளுடைய கடைசி வருடத்தில்தான் வந்தது. இரண்டைத் தவிர நான் எடுத்த பல் அத்தனையும் நல்ல பல் என்று சொன்னேன்.

"தெரியுங் கண்ணு. கெட்ட பல்லு அப்படிக் கெட்டியா நிக்குமா?"

"தெரிஞ்சுமா வாயைத் தொறந்தே?"

"நீ படிச்சவன். எனக்கே தெரியறது உனக்குத் தெரியாம இருக்குமான்னு நெனச்சு இருந்துட்டேன்" என்றாள்.

இளைஞர்கள் கணக்குக் கேட்டார்கள். நாற்பது வருடத்தில் எத்தனை பல் எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் அன்று மேஜைமேல் தள்ளி வைக்காமல் விட்டதை மட்டும் எண்ணி வைத்திருக்கிறேன். மேலே பதின்மூன்று, கீழே பதினொன்று. ஆக, இருபத்து நான்கு.